மனநோய்களும் அறிகுறிகளும்: பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் அண்ணனுக்கு இருமுனைக் கோளாறு இருக்கிறது. பல வருடமாக அவரோடு பெங்களூரில் இருக்கிற மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்குப் போய் வருகிறேன். புறநோயாளிப் பிரிவில் எங்கள் முறை வரும்வரை காத்திருக்கும்போது நாங்கள் பேசுகிற தமிழ் காதில் விழுந்ததும் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலையிலிருந்து இரவு பஸ் ஏறி வந்தவர்கள், அல்சூரிலும் ஸ்ரீராம்புரத்திலும் விவேக்நகரிலும் பிறந்து வளர்ந்தவர்கள், எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்துக்கொண்டு பிஜியில் தங்கியிருக்கிற பிள்ளைகள் என்று எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை. இதைப் படித்துவிட்டு யாருக்கும் நோய்ப்பெயர் வைத்துவிடாதீர்கள், அது மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டியது. எனக்கு இருக்கிற ஆதங்கமெல்லாம் ஒன்றுதான்: வீட்டில் ஒருவர் மாறும்போது நாம் அதை முதலில் குணக்கேடாகப் பார்க்கிறோம். சோம்பேறி, திமிர் பிடித்தவன், வாயாடி, பொறுப்பில்லாதவள் என்று சொல்லிச் சொல்லியே ரெண்டு மூணு வருஷம் போய்விடுகிறது.

கவலையும் டென்ஷனும் இல்லாத ஆள் உண்டா? எங்கே அது நோயாகிறது?

எத்தனை நாளாக இருக்கிறது, தூக்கத்தையும் சாப்பாட்டையும் வேலையையும் எவ்வளவு கெடுத்திருக்கிறது, முன்பு இருந்த ஆளுக்கும் இப்போது இருக்கிற ஆளுக்கும் என்ன வித்தியாசம், இந்த மூன்றையும் பாருங்கள். சாவு விழுந்த வீட்டில் அழுவது நோயில்லை. வேலை போனவர் சில நாள் யாரோடும் பேசாமல் இருப்பதும் நோயில்லை. ஆனால் தினமும் காலையில் குளித்து நெற்றியில் திருநீறு பூசாமல் வெளியே போகாத மனிதர், மூன்று வாரமாகக் குளிக்காமல் லுங்கியோடு கட்டிலிலேயே கிடக்கிறார் என்றால் அதை வீட்டில் இருக்கிறவர்கள்தான் கவனிக்க முடியும், மருத்துவருக்கு அவரை முன்பின் தெரியாது.

இது எங்கோ ஒரு வீட்டில் நடக்கிற விஷயமும் இல்லை. நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அந்தச் சமயத்தில் ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே வரவில்லை.

என் வீட்டுக்காரர் அழவே இல்லை, எதற்கெடுத்தாலும் எரிந்துதான் விழுகிறார். இது எப்படி மனச்சோர்வு ஆகும்?

ஆகலாம். ஆண்களிடம் பல நேரம் அப்படித்தான் தெரியும். மனச்சோர்வு என்றாலே அழுகை என்று நாம் நினைத்துக்கொள்வதால், அழாதவர்களை விட்டுவிடுகிறோம். முக்கியமான அறிகுறிகள் இரண்டு: நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடப்பது, அல்லது எதிலும் ஆசை இல்லாமல் போவது. கிரிக்கெட் என்றால் சோறு தண்ணி மறக்கிறவர் ஸ்கோர் கூடக் கேட்பதில்லை என்பது ஆசை போனதற்கு அடையாளம். இவற்றோடு தூக்கம் குறைவது (விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து பிறகு தூக்கம் வராமல் கிடப்பது ரொம்பப் பேர் சொல்வது) அல்லது ஒரேயடியாகத் தூங்குவது, பசி மாறுவது, எடை குறைவது, சின்ன வேலைக்கே களைத்துப்போவது, கவனம் நிற்காமல் ஒரே மின்னஞ்சலைத் திரும்பத் திரும்பப் படிப்பது, பேச்சும் நடையும் மெதுவாவது, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற குற்றவுணர்வு, சாவைப் பற்றிய எண்ணம். இவற்றில் பல சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் கிட்டத்தட்ட தினமும் இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நம் ஜனங்களுக்கு இது உடம்பு வழியாகவும் வரும். தலைபாரம், உடம்பெல்லாம் வலி, கைகால் எரிச்சல், நெஞ்சில் கல் வைத்தமாதிரி அழுத்தம், வயிற்றுக் கோளாறு. இதற்காக ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்து, எல்லாம் நார்மல் என்று வந்ததும் 'சும்மா நடிக்கிறாள்' என்று மாமியார் சொல்லி, அந்தப் பெண் மேலும் உடைந்துபோய் வந்ததை நான் அந்த வரிசையில் பார்த்திருக்கிறேன். வலி நிஜம்தான். ஸ்கேனில் தெரியவில்லை என்பதற்காக அது இல்லாமல் போய்விடாது.

அப்படியென்றால் நேராக மனநல மருத்துவரிடம்தான் போகவேண்டுமா?

முதலில் உங்கள் குடும்ப டாக்டரிடமே போகலாம், ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார். தைராய்டு சுரப்பு குறைந்தால் களைப்பு, மந்தம், சோர்வு எல்லாம் அச்சு அசலாக மனச்சோர்வு போலவே வரும். ரத்தசோகை, பி12 குறைவு ஆகியவையும் அப்படித்தான். தைராய்டு கூடினால் படபடப்பு வரும். இவை சரியாக இருந்தும் சோர்வு போகவில்லை என்றால் மனநல மருத்துவர்.

சில்க் போர்டு டிராஃபிக்கில் திடீரென்று நெஞ்சு அடைத்து, மூச்சு முட்டி, செத்துவிடுவேன் என்று தோன்றியது. ஆஸ்பத்திரியில் ஈசிஜி நார்மல். அப்புறமும் ரெண்டு தடவை வந்துவிட்டது. என்ன இது?

பீதித் தாக்குதலாக இருக்கலாம், பேனிக் அட்டாக் என்பார்கள். இதயம் வேகமாக அடிக்கும், வியர்க்கும், கை நடுங்கும், விரல்கள் மரத்துப்போகும், தலை சுற்றும், பைத்தியம் பிடித்துவிடுமோ செத்துவிடுவோமோ என்ற பயம் கவ்விக்கொள்ளும். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய், அரை மணிக்குள் தானாகவே தணிந்துவிடும். அதனால் உயிருக்கு ஆபத்து வராது. ஆனால் முதல் தடவை நெஞ்சுவலி வந்தவர் கண்டிப்பாக இதயத்தைப் பரிசோதித்துவிடுங்கள், 'டென்ஷன்தான்' என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

பீதித் தாக்குதலைவிட அதற்குப் பின்னால் வருவதுதான் வாழ்க்கையை முடக்குகிறது. மறுபடி வந்துவிடுமோ என்று பயந்து பஸ்ஸில் ஏறமாட்டார், மேம்பாலத்தில் வண்டி ஓட்டமாட்டார், மெட்ரோ வேண்டாம், தனியாக எங்கும் வேண்டாம், கடைசியில் வேலையையே விட்டுவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்துவிடுவார். அந்த இடங்களைத் தவிர்க்கத் தவிர்க்கப் பயம் பெரிதாகும். அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்கிற சிபிடி இதற்கு நன்றாகவே பலன் தருகிறது. பயப்படுகிற இடத்துக்குச் சிறிது சிறிதாகப் போகப் பழக்குவார்கள், தேவைப்பட்டால் மாத்திரையும் கொடுப்பார்கள்.

இது போலத் திடுதிப்பென்று வராமல், குழந்தை, பணம், உடம்பு, வேலை என்று ஒன்று மாற்றி ஒன்றாக மாதக்கணக்கில் கவலைப்பட்டுக்கொண்டே இருப்பது வேறு வகை. ஆறு மாதத்துக்கு மேல் அப்படி, கூடவே தோள் இறுக்கம், தூக்கமின்மை, எரிச்சல் என்றால் அதுவும் சிகிச்சைக்குரியதுதான்.

கை கழுவிக்கொண்டே இருப்பதுதானே ஓசிடி? என் மகளுக்கு அது இல்லை, ஆனால் பூஜை அறைக்குள் போகவே பயப்படுகிறாள்.

இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மாவை நான் மறக்கவே மாட்டேன், ஏனென்றால் இதை வெளியே சொல்லப் பிள்ளைகள் அவ்வளவு கூசிப்போகிறார்கள். ஓசிடி என்பது சுத்தம் பற்றியது மட்டுமில்லை. வேண்டாத எண்ணம் ஒன்று மனதுக்குள் வலிய நுழையும். சாமி படத்தைப் பார்த்தால் கெட்ட வார்த்தை தோன்றும், அல்லது அசிங்கமான காட்சி தோன்றும். கைக்குழந்தையைத் தூக்கினால் 'கீழே போட்டுவிடுவேனோ' என்று தோன்றும். கத்தியைப் பார்த்தால் அப்பாவைக் குத்திவிடுவேனோ என்று தோன்றும். அந்த எண்ணத்தால் நடுங்கிப்போய், அதைச் சரிக்கட்ட ஏதாவது செய்வார்கள்: நூற்றெட்டு முறை மந்திரம், திரும்பத் திரும்பக் குளியல், பூட்டை இழுத்துப் பார்ப்பது, எண்ணுவது, 'நான் தப்பு பண்ணலைல்ல?' என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருப்பது. செய்தவுடன் கொஞ்சம் நிம்மதி, பிறகு மறுபடி அதே. ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இது தின்றால், அல்லது படிப்பும் வேலையும் நின்றால் நோய்தான்.

அந்த எண்ணம் வருவதால் உங்கள் மகள் கெட்டவள் ஆகிவிடவில்லை. அந்த எண்ணம் அவளுக்குப் பிடிக்காததால்தான் இவ்வளவு வேதனை. ஓசிடி உள்ளவர்கள் அந்த எண்ணத்தின்படி செய்துவிடுவதில்லை, அதைக் கண்டு அரண்டுபோகிறவர்கள் அவர்கள். நிம்ஹான்ஸில் இதற்கென்றே தனி கிளினிக் இருக்கிறது. எண்ணத்தை வரவிட்டு, பரிகாரத்தை மட்டும் செய்யாமல் இருக்கப் பழக்குகிற சிகிச்சையும், மனச்சோர்வுக்குக் கொடுக்கிற எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகளைக் கொஞ்சம் கூடுதல் அளவிலும் தருவார்கள். வீட்டார் செய்யக்கூடியது, ஆறுதலுக்காக நூறு தடவை பதில் சொல்வதைச் சிகிச்சையாளரின் யோசனைப்படி படிப்படியாகக் குறைப்பது.

இருமுனைக் கோளாறு என்றால் அடிக்கடி மூட் மாறுவதா?

காலையில் சிரித்து மாலையில் கோபப்படுவது இதில் சேராது. இது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஓடுகிறது. ஒரு முனையில் மேலே சொன்ன மனச்சோர்வு. மறுமுனையில் மேனியா, அதாவது எழுச்சி நிலை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் வீட்டில் கடைசியாகக் கண்டுபிடிக்கிறோம்.

எழுச்சி தொடங்கும்போது பார்க்க நன்றாகவே இருக்கும். என் அண்ணன் இரண்டு மூன்று மணி நேரம்தான் தூங்குவார், ஆனால் களைப்பே இருக்காது. பேச்சு நிற்காது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். கே.ஆர். மார்க்கெட்டில் மொத்த வியாபாரம், ஓசூரில் நிலம், ஒரே நாளில் நாலு பேரிடம் முன்பணம். தெரிந்தவர்களுக்கெல்லாம் நடுராத்திரி போன். யாராவது தடுத்தால் கோபம் கொதிக்கும். தனக்கு விசேஷ சக்தி இருக்கிறது, பெரிய மனிதர்கள் எல்லாம் தன் பேச்சைக் கேட்கக் காத்திருக்கிறார்கள் என்ற நிலைக்குப் போனபோதுதான் உறவுக்காரர்களுக்கே புரிந்தது. அதுவரை 'பையன் சுறுசுறுப்பாகிவிட்டான்' என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு, 'காசு திமிர்' என்றவர்களும் உண்டு. ஒரு வாரம் அல்லது அதற்கு மேல் இப்படி இருந்தால், அதுவும் தூக்கத்தின் தேவையே குறைந்திருந்தால், உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒன்றை மறக்காமல் செய்யுங்கள். மனச்சோர்வோடு மருத்துவரிடம் போகும்போது, முன்பு எப்போதாவது இப்படி எழுச்சி வந்திருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் தனியாகக் கொடுத்தால் அது எழுச்சியைக் கிளப்பிவிடக்கூடும். நோயாளி சொல்லமாட்டார், ஏனென்றால் அந்த நாட்கள் அவருக்கு நோயாகவே தெரிந்திருக்காது. கூடப் போகிறவர்தான் சொல்ல வேண்டும்.

லித்தியம் இதற்குப் பழைய மருந்து. ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1949இல் அதன் பலனை எழுதினார், இன்றும் அதை விட்டால் ஆளில்லை என்கிற அளவுக்குப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ரத்தத்தில் அதன் அளவைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும், சிறுநீரகத்தையும் தைராய்டையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். வயிற்றுப்போக்கு வந்து உடம்பில் தண்ணீர் குறைந்தால் அளவு ஏறிவிடும், சில வலி மாத்திரைகளாலும் ஏறும். கை ரொம்ப நடுங்கி, வாந்தியோடு தள்ளாட்டமும் வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வால்ப்ரோயேட் என்ற இன்னொரு மருந்து கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும், அதனால் கல்யாண வயதுப் பெண்களுக்கு எழுதினால் அதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

தம்பி தனக்குத்தானே பேசுகிறான், பக்கத்து வீட்டுக்காரர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிறான். பயமாக இருக்கிறது.

மனச்சிதைவு நோயாக, அதாவது ஸ்கிசோஃப்ரினியாவாக இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம் (கஞ்சா கூட இப்படிச் செய்யும்). பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலிருந்து முப்பதுகளின் நடுவுக்குள் தொடங்குகிறது. யாருமில்லாதபோது குரல் கேட்பது, அந்தக் குரல் திட்டுவது அல்லது கட்டளையிடுவது, சாப்பாட்டில் விஷம் கலக்கிறார்கள், போனை ஒட்டுக்கேட்கிறார்கள், என் மனதில் நினைப்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது என்ற அசைக்க முடியாத நம்பிக்கை, கோர்வையில்லாத பேச்சு. இவை கண்ணுக்குத் தெரிபவை. இவற்றுக்குப் பல மாதம் முன்பே சத்தமில்லாமல் தொடங்குவது வேறு: நண்பர்களை விட்டு விலகுவது, குளிக்காமல் இருப்பது, முகத்தில் உணர்ச்சியே இல்லாமல் போவது, நன்றாகப் படித்த பையன் திடீரென்று பின்தங்குவது. இதைத்தான் சோம்பேறித்தனம் என்று திட்டித் தீர்க்கிறோம்.

அவனோடு வாதாடாதீர்கள். 'அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை, உளறாதே' என்றால் நீங்களும் எதிரிக் கூட்டத்தில் சேர்ந்துவிடுவீர்கள். அதற்காக ஆமாம் போடவும் வேண்டாம். 'உனக்கு ரொம்பப் பயமா இருக்குன்னு தெரியுது, தூக்கமும் இல்லை, வா, தூக்கத்துக்காவது டாக்டரைப் பார்ப்போம்' என்று சொல்லிப் பாருங்கள், பலர் தூக்கம் என்றால் வருவார்கள். இந்த நோய் வந்தவர்களால் மற்றவர்களுக்கு ஆபத்து என்று பயப்படுகிறீர்கள், நிஜத்தில் மற்றவர்களால் இவர்கள் அடிபடுவதுதான் அதிகம்.

மருந்தை நிறுத்தினால் திரும்ப வரும் வாய்ப்பு மிக அதிகம். தினமும் மாத்திரை போட மறுப்பவர்களுக்கு இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடுகிற ஊசி இருக்கிறது, கேளுங்கள். தமிழ்நாட்டில் இந்த நோய்க்காக உழைத்தவர்களில் சாரதா மேனனைச் சொல்ல வேண்டும். பெங்களூரில் மனநல மருத்துவம் படித்துவிட்டுப் போய், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையைப் பொறுப்பேற்று நடத்தி, பிறகு 1984இல் சென்னையில் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் நிறுவனத்தை ஆரம்பித்தவர்.

ஊரில் எல்லோரும் 'காத்து கருப்பு, செய்வினை' என்கிறார்கள். ஏர்வாடி தர்காவுக்கோ குணசீலம் கோயிலுக்கோ கூட்டிப்போகச் சொல்கிறார்கள்.

சாமி கும்பிடுவதை யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. என் அம்மா இன்றும் அண்ணனுக்காக வேண்டிக்கொண்டு தாயத்து கட்டிவிடுவார், மருத்துவரும் அதை அவிழ்க்கச் சொன்னதில்லை. மருந்தை நிறுத்திவிட்டுப் போவதுதான் கூடாது, கட்டிப்போடுவதும் அடிப்பதும் கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் எரிந்து செத்தார்கள். அவர்களும் யாரோ ஒரு வீட்டின் பிள்ளைகள்தான். 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்திருக்கிறது. ஏர்வாடி தர்காவிலேயே பிரார்த்தனையோடு மருந்தும் தருகிற ஏற்பாட்டை அரசு செய்தது, இரண்டும் சேர்ந்து போக முடியும்.

கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

ஆகாது. மறைத்துக் கல்யாணம் செய்துவைத்து, மாத்திரை தெரிந்துவிடும் என்று நிறுத்தச் சொல்லி, கல்யாண அலைச்சலில் தூக்கமும் கெட்டு, மூன்றே மாதத்தில் இரண்டு வாழ்க்கை உடைவதை அந்த வரிசையில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். நோய் கட்டுப்பாட்டில் இருந்து, மறுதரப்புக்கும் எல்லாம் தெரிந்து நடக்கிற கல்யாணங்கள் நன்றாக இருக்கின்றன.

பிரசவமான பெண் எப்போதும் அழுதுகொண்டே இருக்கிறாள்.

முதல் வாரத்தில் அழுகை, எரிச்சல் பலருக்கு வரும், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் போய்விடும். அதற்கு மேலும் நீடித்து, குழந்தை மேல் ஒட்டுதலே இல்லை, குழந்தை தூங்கும்போதும் இவளுக்குத் தூக்கம் வரவில்லை, 'நான் நல்ல அம்மா இல்லை' என்கிறாள் என்றால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்குக் குரல் கேட்பது, விபரீதச் சந்தேகம், குழப்பம் என்று வேகமாக முற்றுகிற வகை உண்டு, அதற்கு அன்றைக்கே ஆஸ்பத்திரி, குழந்தையோடு தனியாக விடக்கூடாது. தாயையும் குழந்தையையும் பிரிக்காமல் சேர்த்து வைத்துப் பார்க்கிற வார்டு நிம்ஹான்ஸில் இருக்கிறது. பெங்களூரில் தனியாகக் குடித்தனம் செய்கிற பெண்கள் தாய்வீட்டிலிருந்து மூன்றாம் மாதமே திரும்பி வந்துவிடுகிறார்கள், அதற்குப் பிறகு அவளைக் கவனிக்க யாருமே இருப்பதில்லை. அந்த மாதங்களிலும் போன் செய்து அவள் தூங்கினாளா என்று கேளுங்கள்.

குடியை நிறுத்தச் சொன்னோம், ஒரே நாளில் நிறுத்திவிட்டார். நல்லதுதானே?

தினமும் நிறையக் குடித்தவராக இருந்தால் ஆபத்து. நிறுத்திய முதல் நாளிலேயே கைநடுக்கமும் வியர்வையும் வரும், சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாததைப் பார்ப்பது, பூச்சி ஊர்கிறது என்று கையால் தட்டுவது, நேரம் இடம் தெரியாமல் உளறுவது. இது உயிரையே எடுக்கலாம். மருத்துவரின் பார்வையில் மாத்திரையும் பி1 சத்தும் கொடுத்து நிறுத்த வேண்டும். காபியில் ரகசியமாகக் கலந்து கொடுக்கிற மருந்து என்று விற்கிறார்களே, அதை அவருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள், அந்த மருந்துக்கு மேல் மது குடித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஊரிலிருந்து அப்பாவை அழைத்து வந்து அபார்ட்மெண்டில் வைத்தோம். மறதியும் மௌனமுமாக இருக்கிறார்.

திண்ணையும் டீக்கடையும் இருந்த மனிதர் பதினோராவது மாடியில், கன்னடமும் இந்தியும் தெரியாமல், பகல் முழுக்கத் தனியாக இருக்கிறார். மனச்சோர்வு வர இதுவே போதும். வயதானவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் மறதி போலவே தெரியும், கேட்டால் 'ஞாபகம் இல்லை, எனக்கு எதுவும் முடியவில்லை' என்று அவரே சொல்வார், சில வாரங்களில் தொடங்கியிருக்கும், மருந்தால் சரியாகும். மறதி நோயில் பெரும்பாலும் அவருக்குத் தன் மறதி அவ்வளவாக உறைக்காது, வருடக்கணக்கில் மெதுவாகக் கூடியிருக்கும், பழகிய வழியே தவறிப்போகும். இரண்டும் சேர்ந்தும் வரலாம். மருத்துவர் பார்த்துப் பிரித்துச் சொல்வார், அதற்குள் தினமும் தமிழில் பேச ஓர் ஆளைத் தேடிக்கொடுங்கள்.

'செத்துப்போகலாம் போல இருக்கு' என்கிறான். அதைப் பற்றிக் கேட்டால் எண்ணத்தைத் தூண்டியதாகிவிடாதா?

ஆகாது, கேளுங்கள். 'உயிரை விட்டுடலாம்னு தோணுதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக வந்துவிடுவதில்லை, பேச ஒருவர் கிடைத்தார் என்ற ஆறுதல்தான் வருகிறது. 'சொல்கிறவன் செய்யமாட்டான்' என்பது தவறு, சொன்னவர்கள் செய்திருக்கிறார்கள். பொருட்களை யாருக்கோ கொடுத்துவிடுவது, விடைபெறுவது போலப் பேசுவது, நெடுநாள் தவித்தவர் திடீரென்று ரொம்ப அமைதியாகிவிடுவது ஆகியவற்றையும் கவனியுங்கள். தனியாக விடாதீர்கள், மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் கைக்கெட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். நிம்ஹான்ஸ் அவசரப் பிரிவு இரவு பகல் எப்போதும் திறந்திருக்கும்.

14416 என்ற எண்ணைப் போனில் பதிந்து வையுங்கள். டெலிமானஸ் என்ற மத்திய அரசின் இலவச உதவி எண் இது, 2022 அக்டோபர் 10இல் தொடங்கியது, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக்கூடாது என்று 2017 சட்டத்திலேயே இருக்கிறது.

யாரிடம் போவது? மனநல மருத்துவர், உளவியலாளர், கவுன்சிலர், நியூரோ டாக்டர், எல்லாம் குழப்பமாக இருக்கிறது.

மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் முடித்து மேலே மனநலம் படித்தவர், நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் பேச்சுவழிச் சிகிச்சையும் சோதனைகளும் செய்வார், மருந்து எழுதமாட்டார், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். கவுன்சிலர் என்று இந்த ஊரில் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்கிறார்கள், படிப்பைக் கேட்க வெட்கப்படாதீர்கள். வலிப்பு, பக்கவாதம் போன்றவற்றுக்குத்தான் நியூரோ டாக்டர்.

நிம்ஹான்ஸ் ஓசூர் ரோட்டில்தான் இருக்கிறது, ஓசூர் வழியாக வருகிறவர்கள் மடிவாளா தாண்டி டெய்ரி சர்க்கிளுக்கு அடுத்து இறங்கிக்கொள்ளலாம். காலையில் சீக்கிரம் வந்துவிடுங்கள், முதல் நாள் முழுநாளும் ஆகும், சாப்பாடு கையில் வைத்திருங்கள். ஆதார், வறுமைக்கோட்டு அட்டை இருந்தால் அது (கட்டணம் குறையும்), பழைய சீட்டுகள், இப்போது போடுகிற மாத்திரை அட்டை, எல்லாம் கொண்டு வாருங்கள். எப்போது தொடங்கியது, எது முதலில் மாறியது என்று ஒரு தாளில் தேதிவாரியாக எழுதி வந்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி. தமிழ் தெரிந்த மருத்துவர்கள் நிறைய இருக்கிறார்கள், பேச்சு புரியவில்லை என்றால் சொல்லுங்கள். நோய் கட்டுப்பட்ட பிறகு மாதாமாதம் இவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை, உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும், சீட்டைக் காட்டினால் பல மருந்துகள் இலவசமாகவே கிடைக்கும்.

மாத்திரை போட ஆரம்பித்தால் அடிமையாகிவிடுவோமா? எத்தனை நாள் போடுவது?

மனச்சோர்வுக்கும் ஓசிடிக்கும் தருகிற மாத்திரைகள் போதைப் பழக்கம் ஆகாது. பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம் கூட ஆகும். முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி மட்டும் வந்து பலன் எதுவும் தெரியாததால் பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். குணமான பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடரச் சொல்வார்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும், மருத்துவர் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இருமுனைக் கோளாறு, மனச்சிதைவு ஆகியவற்றுக்குப் பலர் சர்க்கரை நோய்க்குப் போடுவது போல வருடக்கணக்கில் போடுகிறார்கள். உண்மையில் பழக்கமாகிவிடக்கூடியவை அல்ப்ரஸோலம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் தானாகவே மாதக்கணக்கில் வாங்கிப் போடுவதை நிறுத்துங்கள், அதையும் திடீரென்று அல்லாமல் மருத்துவரிடம் சொல்லி.

ஆபீஸில் தெரிந்தால் வேலை போய்விடுமா? இன்சூரன்ஸ் உண்டா?

யாரிடம் சொல்வது என்பது உங்கள் முடிவு. மருத்துவமனை உங்கள் அனுமதியில்லாமல் உங்கள் நோய் விவரத்தைக் கம்பெனிக்குக் கொடுக்கக் கூடாது. உடல் நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரவேண்டும் என்று அதே 2017 சட்டம் சொல்கிறது, உங்கள் பாலிசியில் எது அடங்கும் (பல பாலிசிகளில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் கிடைக்கும்) என்று படித்துப் பாருங்கள். நெடுநாள் நோயால் வேலை செய்யவே முடியாதவர்களுக்கு 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் சான்றிதழ் கிடைக்கும், பென்ஷன், பயணச் சலுகை ஆகியவற்றுக்கு அது வேண்டும். விண்ணப்பத்தை உங்கள் ரேஷன் கார்டு எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அங்கே போடுவது நல்லது, இல்லாவிட்டால் பென்ஷன் வாங்கும்போது முகவரிச் சிக்கல் வரும்.